நிலக்கடலையில் இலைநோய் எதிர்ப்புப் பயிர்ப்பெருக்கம்

நிலக்கடலையில் இலைநோய் எதிர்ப்புப் பயிர்ப்பெருக்கம் என்பது, நிலக்கடலைச் செடியின் இலைகளைத் தாக்கும் பூஞ்சை நோய்களைத் தாங்கி வளர்வதோடு நிறைவான காய் விளைச்சலையும் தரக்கூடிய புதிய இரகங்களை உருவாக்கும் பணியாகும். முன்பருவ இலைப்புள்ளி நோய், பின்பருவ இலைப்புள்ளி நோய், துரு நோய் ஆகிய மூன்றும் இப்பணியின் முதன்மையான இலக்குகள் ஆகும். இந்திய வேளாண் நூல்களில் இருவகை இலைப்புள்ளி நோய்களும் சேர்த்து டிக்கா நோய் என்று வழங்கப்படுகின்றன.

இந்நோய்களைப் பூஞ்சைக்கொல்லி தெளித்துக் கட்டுப்படுத்த முடியும். ஆயினும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நிலக்கடலையின் பெரும்பகுதி மழையை மட்டுமே நம்பி, சிறு நிலங்களில் பயிரிடப்படுகின்றது. மழை பொய்த்தால் போட்ட முதலே திரும்பாத நிலையில், ஒரு பருவத்தில் பலமுறை மருந்து தெளிப்பது இவ்வுழவர்களுக்கு இயலாத செலவாகும். எனவே விதையிலேயே எதிர்ப்பாற்றலைச் சேர்த்துத் தருவதே அவர்களுக்கு ஏற்ற வழி எனக் கருதப்படுகின்றது.

தாவரமும் அதன் தோற்றமும்

நிலக்கடலை (வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை, கச்சான்) அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுத் தாவரமாகும். இதன் தாவரவியல் பெயர் அராக்கிஸ் ஹைபோஜியா. உற்பத்தியில் சீனா முதலிடத்தையும் இந்தியா இரண்டாமிடத்தையும் வகிக்கின்றன.

பயிரிடப்படும் நிலக்கடலையின் ஒவ்வொரு கலத்திலும் 40 நிறப்புரிகள் உள்ளன. இவை இரு வேறு காட்டினங்களிலிருந்து வந்தவை. அராக்கிஸ் துரானென்சிஸ், அராக்கிஸ் இப்பாயென்சிஸ் என்னும் இரு தென்னமெரிக்கக் காட்டினங்கள், ஒவ்வொன்றும் 20 நிறப்புரிகள் கொண்டவை, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய தென் பொலிவியா, வடமேற்கு அர்சென்டினா ஆகியவை அடங்கிய பகுதியில் ஒன்றோடொன்று கலந்தன. அக்கலப்பில் நிறப்புரிகள் இரட்டித்து நான்மடியத் தாவரம் ஒன்று உருவாயிற்று. இவ்விரு காட்டினங்களின் மரபணுத்தொகுதி வரிசை 2016 ஆம் ஆண்டிலும், பயிரிடப்படும் நிலக்கடலையின் மரபணுத்தொகுதி வரிசை 2019 ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன.

இத்தோற்ற வரலாறு பயிர்ப்பெருக்கத்துக்கு ஒரு பெருந்தடையை விட்டுச் சென்றுள்ளது. நிறப்புரிகள் இரட்டித்தபின் புதிய தாவரத்தால் தன் காட்டு உறவினங்களோடு எளிதில் கலக்க முடியவில்லை. மேலும் நிலக்கடலை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிராகும். ஆகவே உலகெங்கும் பரவிய ஆயிரக்கணக்கான இரகங்கள் வடிவத்தில் வேறுபட்டிருந்தாலும், அவற்றின் மரபணு அடித்தளம் மிகக் குறுகியதாகவே அமைந்துவிட்டது. நோய் எதிர்ப்பைத் தேடுவோர் முதலில் எதிர்கொள்வது இக்குறுகிய அடித்தளத்தையே.

நிலக்கடலையின் இரு துணையினங்களுள் ஹைபோஜியா துணையினம் கொடியாகவோ அரைக்கொடியாகவோ படர்ந்து நீண்ட நாள் வாழ்வது. பஸ்திகியாட்டா துணையினம் கொத்தாக நிமிர்ந்து வளர்ந்து விரைவில் முதிர்வது. இந்தியாவின் மானாவாரி நிலங்களில் பின்னதைச் சேர்ந்த ஸ்பானியக் கொத்து இரகங்களே மிகுதியாகப் பயிரிடப்படுகின்றன. இவையே இலைநோய்களுக்கு எளிதில் ஆளாகின்றன.

மூன்று இலைநோய்கள்

முன்பருவ இலைப்புள்ளி: செர்க்கோஸ்போரா அராக்கிடிக்கோலா என்னும் பூஞ்சையால் உண்டாவது. விதைத்த மூன்று, நான்கு வாரங்களிலேயே தோன்றக்கூடும். புள்ளிகள் பழுப்பு நிறமாகவும் அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையம் கொண்டும் காணப்படும். வித்துத்தூள்கள் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பில் தோன்றும்.

பின்பருவ இலைப்புள்ளி: நெடுங்காலம் செர்க்கோஸ்போரிடியம் பெர்சொனேட்டம் என்றும் பேயோயிசாரியோப்சிஸ் பெர்சொனேட்டா என்றும் அழைக்கப்பட்டு, இப்போது நோத்தோபசலோரா பெர்சொனேட்டா எனப்படும் பூஞ்சையால் உண்டாவது. புள்ளிகள் கருமையாகவும் பெரும்பாலும் வட்டமாகவும் இருக்கும். இலையின் அடிப்புறத்தில் வித்துத்தூள்கள் வளையம் வளையமாக அமைந்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும்.

துரு நோய்: புக்சினியா அராக்கிடிஸ் என்னும் பூஞ்சையால் உண்டாவது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறக் கொப்புளங்கள் தோன்றி வெடித்து, துருப் போன்ற பொடியை வெளிவிடும். இலைப்புள்ளி கண்ட இலைகள் உதிர்ந்துவிடும். துரு கண்ட இலைகளோ காய்ந்து சுருண்டாலும் செடியிலேயே தங்கியிருக்கும்.

இலைப்புள்ளிப் பூஞ்சைகள் மண்ணில் கிடக்கும் பழைய இலை, தண்டுக் கழிவுகளிலும், அறுவடைக்குப் பின் தானாக முளைத்த செடிகளிலும் தங்கி அடுத்த பருவப் பயிரைத் தாக்குகின்றன. துருவின் வித்துத்தூள்கள் கழிவில் நெடுநாள் உயிர்வாழ்வதில்லை. அவை ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்குக் காற்றில் பரவுகின்றன. எனவே ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பருவத்தில் கடலை நிற்கும் பகுதிகளில் துரு நீங்காமல் நிலைக்கின்றது. 1969 ஆம் ஆண்டுக்கு முன்னர் துரு நோய் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களோடு நின்றிருந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கடலை விளையும் நாடுகள் பலவற்றுக்கும் பரவியது.

இலை இழப்பும் காய் இழப்பும்

நிலக்கடலையில் பூ மண்ணுக்கு மேலும் காய் மண்ணுக்குள்ளும் அமைகின்றன. பூ கருவுற்றபின் அதன் அடியிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் சென்று, அதன் நுனி காயாகப் பருக்கின்றது. காய்க்குத் தேவையான மாவுப்பொருளை இலைகளே ஆக்கித் தருகின்றன. பருப்பு நிரம்பும் காலமும் பின்பருவ இலைப்புள்ளியும் துருவும் உச்சத்தை அடையும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. அந்நேரத்தில் இலைகள் உதிர்ந்தால் காயின் ஓடு உருவாகியும் பருப்பு சுருங்கிப் போகின்றது. இலைப்புள்ளியும் துருவும் சேர்ந்து கடுமையாகத் தாக்கிய வயல்களில் 50 முதல் 70 விழுக்காடு வரை விளைச்சல் இழப்பு பதிவாகியுள்ளது.

இழப்பு பருப்போடு நிற்பதில்லை. நோய் கண்ட செடியின் விழுதுகள் வலுவிழப்பதால், பிடுங்கும்போது காய்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. வறண்ட நிலப்பகுதிகளில் கடலைக்கொடி கால்நடைகளுக்கு முதன்மையான தீவனமாகும். இலையுதிர்ந்த கொடி வெறும் தண்டாக நிற்பதால் அதன் தீவன மதிப்பும் குறைகின்றது. இக்காரணத்தால், அறுவடை வரை பச்சை இலையைத் தக்கவைக்கும் இரகம் உழவருக்குக் காயிலும் கொடியிலும் ஆக இருவகைப் பயனைத் தருகின்றது.

எதிர்ப்பாற்றலின் தன்மை

சில பயிர்களில் நோய் எதிர்ப்பு என்பது நோய் அறவே தோன்றாத நிலையைக் குறிக்கும். பயிரிடப்படும் நிலக்கடலையில் இலைநோய்க்கு அத்தகைய முழு எதிர்ப்பு காணப்படவில்லை. இங்குள்ளது பகுதி எதிர்ப்பு. அதாவது நோய் வருகின்றது, ஆனால் மெதுவாகப் பெருகுகின்றது. இதன் கூறுகளாகப் பின்வருவன அளக்கப்படுகின்றன:

- தொற்று ஏற்பட்டதற்கும் முதல் புள்ளி தெரிவதற்கும் இடையிலான காலம்
- தொற்றுக்கும் புதிய வித்துத்தூள் உண்டாவதற்கும் இடையிலான காலம்
- இலைப் பரப்பில் தோன்றும் புள்ளிகளின் எண்ணிக்கை
- புள்ளிகளின் விட்டம்
- ஒரு புள்ளி உண்டாக்கும் வித்துத்தூளின் அளவு
- இலையுதிர்வின் அளவு

இவை ஒவ்வொன்றும் சிறிதளவே மாறினாலும் பயனுண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு தொற்றுச் சுழற்சி முடிய ஓர் இரகத்தில் 10 நாட்களும் மற்றோர் இரகத்தில் 15 நாட்களும் ஆகின்றன எனக் கொள்வோம். நோய் தொடங்கி 60 நாட்களில் முன்னதில் ஆறு சுழற்சிகளும் பின்னதில் நான்கு சுழற்சிகளும் நிகழும். ஒவ்வொரு சுழற்சியிலும் நோய் பன்மடங்கு பெருகுவதால், இரண்டு சுழற்சிகள் குறைவது அறுவடை நேரத்தில் இலை நிற்பதற்கும் உதிர்வதற்கும் உள்ள வேறுபாடாக அமைந்துவிடும்.

மரபுவழியைப் பொறுத்தவரை, பயிரிடப்படும் கடலையில் காணப்படும் துரு எதிர்ப்பு சில ஒடுங்கு மரபணுக்களால் கட்டுப்படுத்தப்படுவதாக 1970களின் ஆய்வுகள் காட்டின. பின்பருவ இலைப்புள்ளி எதிர்ப்பு பல மரபணுக்களின் கூட்டு விளைவாகும். ஒடுங்கு மரபணுக்கள் முதல் தலைமுறைக் கலப்பில் வெளிப்படுவதில்லை. எனவே கலப்பின் இரண்டாம் தலைமுறையிலும் அதற்குப் பின்னும் பெருந்தொகையான செடிகளை வளர்த்துத் தேட வேண்டியுள்ளது.

எதிர்ப்பு மூலங்கள்

1972 ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டஞ்செருவில் நிறுவப்பட்ட பன்னாட்டு வறண்ட வெப்பமண்டலப் பயிராய்வு நிறுவனம் (இக்ரிசாட்), 1976 ஆம் ஆண்டில் நிலக்கடலை ஆய்வைத் தொடங்கியது. அதன் விதை வங்கியில் 15,000க்கும் மேற்பட்ட நிலக்கடலை மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன. இம்மாதிரிகள் பெருந்தொகையாகச் சோதிக்கப்பட்டபோது, துருவுக்கோ பின்பருவ இலைப்புள்ளிக்கோ எதிர்ப்புக் காட்டியவை ஓரிரு விழுக்காட்டளவே இருந்தன. முன்பருவ இலைப்புள்ளிக்கு எதிர்ப்பு இதனினும் அரிது.

எதிர்ப்புக் காட்டிய மாதிரிகளுள் பல தென்னமெரிக்காவின் பெரு நாட்டைச் சார்ந்தவை. தாரப்போட்டோ எனப் பெயர்பெற்ற பி.ஐ. 259747 என்னும் மாதிரியும், என்.சி. ஏ.சி. 17090 என்னும் மாதிரியும் இவற்றுள் நன்கு அறியப்பட்டவை. ஆயினும் இவற்றுள் பலவற்றில் தடித்த ஓடு, ஆழ்ந்த வரிகளும் இடுக்குகளும் கொண்ட காய், குறைந்த உடைப்பு விழுக்காடு, சந்தை விரும்பாத பருப்புத் தோல் நிறம், நீண்ட வயது ஆகிய குறைகள் கூடவே இருந்தன. உழவருக்கு வேண்டாத பண்புகளை விலக்கி எதிர்ப்பை மட்டும் பிரித்தெடுப்பது எளிதாக இருக்கவில்லை.

கலப்பு செய்யும் முறை

நிலக்கடலைப் பூ விடியற்காலையில் மலர்கின்றது. அதன் மகரந்தப்பைகளும் சூலகமுடியும் படகு போன்ற அல்லியினுள் மூடப்பட்டிருப்பதால், பூ மலரும் நேரத்திலேயே தன்மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்துவிடுகின்றது. ஆகவே கலப்பு செய்வோர் முந்தைய நாள் மாலையிலேயே மொட்டை மெல்லத் திறந்து, மகரந்தப்பைகளை நுண்ணிய இடுக்கியால் அகற்றுகின்றனர். மறுநாள் காலையில் ஆண் பெற்றோராகத் தேர்ந்த இரகத்தின் மகரந்தத்தைச் சூலகமுடியில் இடுகின்றனர். எந்தப் பூவில் கலப்பு செய்யப்பட்டது என்பதை அறிய, பூவின் காம்பு போன்ற குழலில் வண்ண நூல் கட்டப்படுகின்றது. சில நாட்களில் விழுது புறப்பட்டு மண்ணை நோக்கி இறங்கும். கலப்பு செய்யாத பூக்களை நாள்தோறும் கிள்ளிவிடாவிட்டால் எது கலப்புக் காய் என்று அறிய இயலாமற் போகும்.

இவ்வளவு உழைப்புக்கும் கிடைப்பது ஒரு காய். அதில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு பருப்புகளே இருக்கும். ஒரு கதிரில் நூற்றுக்கணக்கான விதைகள் தரும் தானியப் பயிர்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவாகும். இதனால் ஒரு கலப்பிலிருந்து தேவையான அளவு செடிகளை உருவாக்கவே சில பருவங்கள் கழிகின்றன.

கலப்பின் வழித்தோன்றல்கள் வழிமரபுத் தெரிவு, மொத்தத் தெரிவு, ஒற்றை விதை வழித்தெரிவு ஆகிய முறைகளால் தலைமுறை தலைமுறையாக முன்னெடுக்கப்படுகின்றன. ஏற்கனவே உழவரிடம் பரவிய நல்ல இரகத்துக்கு எதிர்ப்பை மட்டும் சேர்க்க வேண்டின், கலப்பினத்தை அந்நல்ல இரகத்தோடு மீண்டும் மீண்டும் கலக்கும் பிற்கலப்பு முறை பின்பற்றப்படுகின்றது.

நோய்த்திடலில் தெரிவு

எதிர்ப்பைச் சோதிக்க வயலில் நோய் சீராகவும் கடுமையாகவும் நிலவ வேண்டும். இல்லையேல் தப்பிப் பிழைத்த செடியையும் எதிர்ப்புள்ள செடியையும் வேறுபடுத்த முடியாது. இதற்காக, சோதிக்கப்படும் வரிசைகளுக்கு இடையே குறிப்பிட்ட இடைவெளியில், எளிதில் நோய்க்கு ஆளாகும் இரகம் ஒன்று தொற்றுப் பரப்பும் வரிசையாக விதைக்கப்படுகின்றது. அவ்வரிசைகளில் வித்துத்தூள் கலந்த நீர் தெளிக்கப்பட்டு, இலை ஈரம் நிலைக்கத் தூவல் நீர்ப்பாசனம் செய்யப்படுகின்றது.

இத்தொற்று வரிசைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது டி.எம்.வி. 2 என்னும் இரகமாகும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் குடியாத்தம் கொத்து என்னும் நாட்டு இரகத்திலிருந்து தெரிவு செய்யப்பட்டு 1940 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இது, தென்னிந்திய மானாவாரி நிலங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. குறுகிய வயதும் பல சூழல்களுக்கு ஏற்ற தன்மையும் அதன் வலிமை. இலைநோய்க்கு எளிதில் இரையாவது அதன் குறை.

நோயின் கடுமை 1 முதல் 9 வரையான அளவுகோலில் மதிப்பிடப்படுகின்றது. 1 என்பது நோயற்ற நிலையையும், 9 என்பது இலைப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் அழிந்த நிலையையும் குறிக்கும். ஆனால் இலை மதிப்பெண் மட்டும் போதாது. எனவே ஒரே இரகத்தைப் பூஞ்சைக்கொல்லி தெளித்த பாத்தியிலும் தெளிக்காத பாத்தியிலும் வளர்த்து இரண்டின் காய் எடையையும் ஒப்பிடுகின்றனர். தெளித்த பாத்தியில் மட்டும் விளைவது நோய் தாங்காத இரகம். இரண்டிலும் குறைவாக விளைவது எதிர்ப்பு இருந்தும் பயனற்ற இரகம். இரண்டிலும் நன்கு விளைவதே வேண்டப்படுவது.

காட்டினங்களின் பங்கு

அராக்கிஸ் பேரினத்தில் 80க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றுள் பல காட்டினங்கள் இலைநோய்களுக்கு மிக உயர்ந்த எதிர்ப்பைக் காட்டுகின்றன. அவற்றுள் பயிர்ப்பெருக்கத்தில் மிகப் பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியது பொலிவியாவைச் சேர்ந்த அராக்கிஸ் கார்டெனாசி ஆகும். கிரெகொரி, கிரப்போவிக்காஸ், பியெத்ரரெல்லி ஆகிய மூவர் தென்னமெரிக்காவில் மேற்கொண்ட தாவரச் சேகரிப்புப் பயணங்களில் இது திரட்டப்பட்டது. அவர்களது பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்ட ஜி.கே.பி. 10017 என்னும் எண்ணால் அம்மாதிரி அறியப்படுகின்றது.

பயிரிடப்படும் கடலையில் 40 நிறப்புரிகளும் காட்டினத்தில் 20 நிறப்புரிகளும் இருப்பதால், இரண்டையும் கலந்தால் 30 நிறப்புரிகள் கொண்ட மும்மடியச் செடி பிறக்கும். இது இயல்பாகக் காய்ப்பதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்மார்ட், கிரெகொரி ஆகியோர் 1960களில் இத்தடையைத் தாண்டினர். மும்மடியச் செடியைக் கோல்கிசின் என்னும் வேதிப்பொருளால் நடத்தி நிறப்புரிகளை 60 ஆக இரட்டித்தபோது, அது காய்க்கும் திறனைப் பெற்றது. அதன் வழித்தோன்றல்கள் தலைமுறைதோறும் சில நிறப்புரிகளை இழந்து, இறுதியில் 40 நிறப்புரிகள் கொண்ட நிலையான செடிகளாயின. காட்டினத்தின் நிறப்புரித் துண்டுகள் சில அவற்றில் தங்கிவிட்டன. அத்துண்டுகளோடு எதிர்ப்பும் தங்கியது.

கார்டெனாசி வழிவந்த விதைகள் அக்காலத்தில் நாடுகளுக்கிடையே தடையின்றிப் பகிரப்பட்டன. இக்ரிசாட் நிறுவனத்திலும் இக்காட்டினத்திலிருந்து பல எதிர்ப்பு வழிகள் உருவாக்கப்பட்டன. இன்று ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா, அமெரிக்கக் கண்டங்கள் ஆகிய எல்லாவற்றிலும் பயிராகும் பல இரகங்களில் இக்காட்டினத்தின் மரபணுத் துண்டுகள் உள்ளன என்பதை 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று மரபணு வரிசைகளைக் கொண்டு காட்டியது. பிற்காலத்தில் உயிரியல் பன்மயம் தொடர்பான பன்னாட்டு உடன்படிக்கைகளைப் பல்வேறு நாடுகள் பல்வேறாகப் பொருள் கொண்டதால், இத்தகைய பரிமாற்றம் கடினமாகிவிட்டது என்றும் அவ்வாய்வு சுட்டியது.

ஜி.பி.பி.டி. 4

கருநாடக மாநிலம் தார்வாடு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட ஜி.பி.பி.டி. 4 என்னும் இரகம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். கே.ஆர்.ஜி. 1 என்னும் கொத்துக் கடலையையும், கார்டெனாசி வழிவந்த ஐ.சி.ஜி.வி. 86855 என்னும் இக்ரிசாட் வழியையும் கலந்து இது பெறப்பட்டது. இதைப் பற்றிய பதிவு 2002 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. துரு, பின்பருவ இலைப்புள்ளி ஆகிய இரண்டுக்கும் எதிர்ப்பு, கொத்து வளர்ச்சி, குறைந்த வயது, நல்ல காய் விளைச்சல், உயர்ந்த எண்ணெய் அளவு ஆகியவை ஒருங்கே அமைந்தமையே இதன் சிறப்பு. காட்டினத்தின் எதிர்ப்பை ஏற்றால் அதன் குறைகளையும் ஏற்க வேண்டும் என்ற நிலையை இது மாற்றியது.

மரபணுக் குறியீடுகள்

மரபணுக் குறியீடு என்பது வேண்டிய மரபணுவுக்கு மிக அருகில் அமைந்து, அதனோடு சேர்ந்தே மரபுவழியில் செல்லும் டி.என்.ஏ. பகுதியாகும். அப்பகுதி ஒரு நாற்றின் இலையில் உள்ளதா என்று ஆய்வகத்தில் பார்த்தாலே, செடி வளர்ந்து நோய் வரும்வரை காத்திராமல் எதிர்ப்பு உள்ளதை ஊகிக்கலாம். ஒடுங்கு மரபணுக்களைப் பிற்கலப்பில் கொண்டு செல்லும்போது இது பெரிதும் உதவுகின்றது.

இதற்கான அடிப்படை ஆய்வுகளில் டி.ஏ.ஜி. 24, ஜி.பி.பி.டி. 4 ஆகியவற்றின் கலப்பு பயன்பட்டது. டி.ஏ.ஜி. 24 மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவானது; உயர் விளைச்சல் தருவது, ஆயினும் இலைநோய்களைத் தாங்காதது. இக்கலப்பின் வழிகளை ஆராய்ந்தபோது, துரு எதிர்ப்பில் காணப்பட்ட வேறுபாட்டில் 80 விழுக்காட்டுக்கும் மேலானதையும், பின்பருவ இலைப்புள்ளி எதிர்ப்பில் 60 விழுக்காட்டுக்கும் மேலானதையும் விளக்கக்கூடிய பெரும் மரபணுப் பகுதிகள் 2012 ஆம் ஆண்டளவில் அடையாளம் காணப்பட்டன. பல மரபணுக்களால் ஆவது எனக் கருதப்பட்ட எதிர்ப்பில் இத்தகைய பெரும்பகுதிகள் கிடைத்தமைக்குக் காரணம், காட்டினத்திலிருந்து வந்த நிறப்புரித் துண்டு ஒரே தொகுதியாக மரபுவழியில் செல்வதே ஆகும்.

2014 ஆம் ஆண்டில் இக்ரிசாட் அறிவியலாளர்கள், ஜி.பி.பி.டி. 4 இரகத்தின் துரு எதிர்ப்புப் பகுதியை நான்கு குறியீடுகளின் துணையோடு ஐ.சி.ஜி.வி. 91114, ஜே.எல். 24, டி.ஏ.ஜி. 24 ஆகிய மூன்று இரகங்களுக்கு மாற்றியதை வெளியிட்டனர். பின்னர் தார்வாட்டில் இதே முறையில் டி.எம்.வி. 2 இரகத்துக்கும் எதிர்ப்பு சேர்க்கப்பட்டது. தொற்றுப் பரப்புவதற்கென்றே விதைக்கப்பட்டுவந்த பழைய இரகம், இவ்வாறு எதிர்ப்புள்ள வடிவத்தைப் பெற்றது.

விளைச்சலும் எதிர்ப்பும்

ஒரு செடியில் விளைச்சலைக் கூட்டும் பண்பும் எதிர்ப்பைக் கூட்டும் பண்பும் பல வேளைகளில் ஒன்றையொன்று இழுக்கின்றன. இதன் காரணத்தை அறிய, செடி தான் ஆக்கிய உணவை எவ்வாறு பங்கிடுகின்றது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் 1978 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, பழைய இரகங்களையும் புதிய இரகங்களையும் ஒப்பிட்டது. பழைய டிக்சி ரன்னர் இரகம் காய்ப்புக் காலத்தில் தன் உணவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டையே காய்களுக்கு அளித்தது. புதிய ஏர்லி பஞ்ச் இரகமோ ஏறத்தாழ முழுவதையும் காய்களுக்கே அளித்தது. விளைச்சல் உயர்ந்ததற்கு இப்பங்கீடே முதன்மைக் காரணமாகும்.

எல்லாவற்றையும் காய்க்கே கொடுக்கும் செடி, காய்ப்புக் காலத்தில் புதிய இலைகளை விடுவதில்லை. இருக்கும் இலைகளை நோய் அழித்துவிட்டால் அவற்றை ஈடுசெய்ய அதனிடம் வழியில்லை. மாறாக, நீண்ட நாள் வளர்ந்து தொடர்ந்து இலை விடும் செடி நோயை ஓரளவு தாங்கும். ஆனால் காய்க்குச் செல்லும் பங்கு குறையும். நோயைத் தாங்கும் செடிகளை மட்டும் நோக்கித் தெரிவு செய்தபோது பின்முதிர்ச்சி உடைய வழிகள் மிகுந்ததற்கு இதுவே காரணமாகும். மழை 100 நாட்களுக்குள் முடிந்துவிடும் நிலத்தில் 130 நாள் இரகத்தால் பயனில்லை. ஆகவே வயது, காய்ப்பங்கீடு, எதிர்ப்பு ஆகிய மூன்றையும் ஒருசேர அளந்து தெரிவு செய்வதே இன்றைய நடைமுறையாகும்.

வெளியிடப்பட்ட இரகங்கள்

- கிர்னார் 1: சூனாகத்தில் உள்ள தேசிய நிலக்கடலை ஆராய்ச்சி மையத்தில், என்.சி. ஏ.சி. 17090 மாதிரியைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு உருவாக்கப்பட்டது.
- ஐ.சி.ஜி.வி. 87160: ஏ.எச். 65, என்.சி. ஏ.சி. 17090 ஆகியவற்றின் கலப்பில் இக்ரிசாட் உருவாக்கிய துரு எதிர்ப்பு இரகம்; 1990 ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியிடப்பட்டது.
- ஏ.எல்.ஆர். 3: தமிழ்நாட்டின் ஆழியார்நகரில், துரு நோய் மிகும் பொள்ளாச்சிப் பகுதியைக் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது.
- சதர்ன் ரன்னர்: 1980களில் புளோரிடாவில் வெளியிடப்பட்டது, பின்பருவ இலைப்புள்ளிக்கு மிதமான எதிர்ப்புடைய முதல் கொடி இரகம். முந்தைய புளோரன்னர் இரகத்தினும் பின்தங்கி முதிர்வது.
- பெய்லி: 2008 ஆம் ஆண்டில் வட கரோலினாவில் வெளியிடப்பட்டது, இலைப்புள்ளி உள்ளிட்ட பல நோய்களைத் தாங்கக்கூடியது.

சிக்கல்களும் வாய்ப்புகளும்

புதிய இரகம் வெளியிடப்பட்ட உடனே அது உழவரைச் சென்றடைவதில்லை. நிலக்கடலையில் ஒரு பருவத்தில் விதை எட்டு முதல் பத்து மடங்கே பெருகுகின்றது. ஒரு எக்டேருக்கு 100 கிலோகிராமுக்கும் மேற்பட்ட பருப்பு விதையாகத் தேவைப்படுகின்றது. விதையின் பருமனும் எடையும் மிகுதியாதலால் சேமிப்பதும் கொண்டு செல்வதும் செலவு மிக்கவை. மேலும் தன்மகரந்தப் பயிராதலால் உழவர் தம் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துவைக்கின்றனர். இதனால் தனியார் விதை நிறுவனங்களுக்கு இப்பயிரில் ஆர்வம் குறைவு. பல பகுதிகளில் மிகப் பழைய இரகங்களே நீடிப்பதற்கு உழவரின் தயக்கத்தைவிட விதைப் பற்றாக்குறையே பெருங்காரணமாகும். ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் டி.எம்.வி. 2 இரகத்துக்கு மாற்றாக ஐ.சி.ஜி.வி. 91114 அறிமுகப்படுத்தப்பட்டபோது, உழவர்களே தம் நிலங்களில் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை பின்பற்றப்பட்டது.

அறிவியல் நோக்கில் மற்றொரு கவலையும் உண்டு. இன்றைய எதிர்ப்பு இரகங்கள் பலவும் ஒரே காட்டினத்தின் ஒரே நிறப்புரித் துண்டையே சார்ந்துள்ளன. பூஞ்சை மாறி அவ்வெதிர்ப்பை வென்றுவிட்டால் அவை அனைத்தும் ஒருங்கே பாதிக்கப்படலாம். இதனால் அராக்கிஸ் ஸ்டெனோஸ்பெர்மா, அராக்கிஸ் மாக்னா, அராக்கிஸ் பாட்டிசோக்கோய் போன்ற பிற காட்டினங்களிலிருந்தும் எதிர்ப்பைப் பெறும் முயற்சிகள் பிரேசில், அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் நடைபெறுகின்றன. இரண்டு காட்டினங்களை முதலில் தமக்குள் கலந்து, நிறப்புரிகளை இரட்டித்து, 40 நிறப்புரிகள் கொண்ட செயற்கை நான்மடியச் செடியாக்கிய பின்னரே பயிர்க்கடலையோடு கலப்பது இவற்றில் பின்பற்றப்படும் வழியாகும். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இயற்கையில் ஒருமுறை நிகழ்ந்ததையே இம்முறை மீண்டும் நிகழ்த்துகின்றது எனலாம்.

பகுதி எதிர்ப்பு தனித்து நின்று முழுக் காப்பை அளிப்பதில்லை. பயிர்ச் சுழற்சி, பழைய கழிவுகளை ஆழ உழுது மூடுதல், தானாக முளைத்த செடிகளை அகற்றுதல் ஆகியவற்றோடு சேரும்போதே அதன் பயன் முழுமையாகின்றது. நோய் மெதுவாகப் பெருகும் இரகத்தில், பலமுறை தெளிக்க வேண்டிய மருந்தை ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்ளலாம். மழை குறைந்த ஆண்டில் அதையும் தவிர்க்கலாம். செலவைக் குறைத்து, காயையும் கொடியையும் ஒருங்கே காப்பதே இப்பயிர்ப்பெருக்கத்தின் நோக்கமாகும்.